சீர்வண்டியை நக்கிய காட்டுமாடு

மொக்கச்சாமிக்குக் கோபம் வந்தால் மீசையின் இரண்டு முனையும் தனித்தனியாக எழுந்து நிற்கும். அந்த ஆவணி மாத வெள்ளிக்கிழமை காலையில் அது நின்ற நிற்புக்கு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்குக் கயிறு கட்டி நாலு வேட்டி காயப்போட்டிருக்கலாம். அவ்வளவு கோபத்துக்கும் காரணம் ஒரு மாடு. வீட்டு மாடு இல்லை. குரங்கணி மலையிலிருந்து இறங்கி வந்த காட்டுமாடு.

மொக்கச்சாமி போடியில் ஒரு ஏலக்காய் குடோனில் மேஸ்திரி. சல்லடை போட்டுக் காயைத் தரம் பிரிக்கிற வேலை. இருபது வருஷமாகக் காயைப் பார்த்துப் பார்த்து மனிதர்களையும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். இவன் எட்டு மில்லி, இவன் ஆறு மில்லி, இவன் வெறும் தூசி. தன்னை மட்டும் எந்தச் சல்லடையிலும் போட்டுப் பார்த்ததில்லை.

அவருக்கு ஒரே தங்கை பாண்டீஸ்வரி. குரங்கணியில் கட்டிக் கொடுத்திருந்தது. அவளுடைய இளைய மகள் தமிழினிக்கு அன்றைக்கு ஊர்க் கோயில் மரத்தடியில் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். மாமன் கலெக்டராக இருக்கட்டும், நாலு ஆடு மேய்க்கிறவனாக இருக்கட்டும், அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவன்தான் ராஜா, அவன் மடிதான் சிம்மாசனம்.

ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் மூத்தவன் நிலவனுக்குக் காது குத்தியபோது அந்தச் சிம்மாசனத்தில் மொக்கச்சாமி இல்லை. நூறு சீர்த்தட்டு சேர்ந்துவிட்டது, நூற்றியொன்றாவது தட்டில் அன்னாசிப்பழம் இல்லாமல் கிளம்ப மாட்டேன் என்று போடி பஜாரைச் சல்லடை போட்டுச் சலித்து, பழத்தோடு அவர் போய்ச் சேர்ந்தபோது மூன்றாம் பந்தியில் ரசம் போய்க்கொண்டிருந்தது. நல்ல நேரம் தப்பிவிடும் என்று, உள்ளூரிலேயே இருக்கிற பெரியப்பா மகன் யோகராஜை உட்கார வைத்துக் குத்தி முடித்திருந்தார்கள். "யோகராஜும் ஒருவகையில் மாமன்தானே" என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அந்த 'ஒருவகையில்' நாலு வருஷமாக மொக்கச்சாமியின் தொண்டையில் கெளுத்தி முள்ளாக நின்றது.

தமிழினி கடைசி வாய்ப்பு. பாண்டீஸ்வரி இரண்டோடு போதும் என்று ஆபரேஷன் செய்துகொண்டுவிட்டாள். இனி அந்த வீட்டில் காதுகள் கிடையாது.

அதனால் அன்றைக்கு எட்டு மணிக்கே போடியை விட்டுக் கிளம்பிவிட்டார். பத்தேகால் வரை நல்ல நேரம், பத்தரைக்கு ராகு காலம். குரங்கணி என்ன காசியிலா இருக்கிறது, அரை மணி நேரப் பாதை. முன்னால் தங்கபாண்டியனின் லோடு வண்டி. அதில் அரிசி, வாழைத்தார், பித்தளைப் பாத்திரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே, முன்பக்கக் கூரையில், இரண்டு மூட்டைக் கல்லுப்பு. பின்னால் ஒரு வேனில் மனைவி வேலுத்தாய், தட்டு தூக்கும் பெண்கள், உறுமிக்காரர்கள். லோடு வண்டியின் முன் சீட்டில், பட்டுச் சட்டையும் பட்டு வேட்டியுமாக, மேடையில் ஏறப்போகிற மாப்பிள்ளையை விட விறைப்பாக மொக்கச்சாமி.

சீரில் உப்புதான் முதலில் வாசல் ஏற வேண்டும் என்பது அவர்கள் வகையறாவின் வழக்கம். ஒரு தட்டு உப்பு போதும். போன முறை யோகராஜ் அவசரத்துக்குப் பக்கத்துக் கடையிலிருந்து ஒரு மூட்டையாகவே இறக்கிவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து மொக்கச்சாமிக்கு ஒரு மூட்டை என்பது அவமானமாகிவிட்டது.

"ரெண்டு மூட்டை உப்ப வாங்கி அவ என்ன, கருவாடா போடப் போறா?" என்று முதல் நாளே கேட்டாள் வேலுத்தாய்.

"சீர்னா என்னன்னு குரங்கணி பாக்கட்டும்" என்றார் அவர்.

மலையடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டியதும் சாரல் பிடித்தது. உப்பு மூட்டைகள் நனைந்து, உப்புத் தண்ணீர் கண்ணாடியிலும் கதவிலும் வழியத் தொடங்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை. குரங்கணிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில், அது நின்றது.

முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை வெளேரென்று, பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி. அதற்கு மேலே எல்லாம் கருப்பு. ஒரு டன் இருக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். மொக்கச்சாமியைக் கேட்டால், போடி பஸ் ஸ்டாண்டில் நிற்கிற மதுரை பஸ்ஸுக்குக் கொம்பு வைத்து டயரையெல்லாம் கழற்றிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி என்பார். தங்கபாண்டியன் பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தான். பின்னால் வேனும் நின்றது.

மாடு மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தது. ஆற அமர நடந்து வந்தது. வலப்பக்கமாக வண்டியோடு ஒட்டி நின்று, ஒரு முழம் நாக்கை வெளியே எடுத்து, டிரைவர் பக்கத்துக் கதவைக் கீழிருந்து மேலாக ஒரு இழு இழுத்தது.

"அண்ணே, நக்குது" என்றான் தங்கபாண்டியன், உதடு அசையாமல்.

"எனக்கும் கண்ணு இருக்கு. வண்டிய எடு."

"எடுத்தா கொம்பு உள்ள வந்துரும்ணே."

மொக்கச்சாமி தன் பக்கம் திரும்பிப் பார்த்தார். இடது கதவுக்கு வெளியே ஒரு சாண் மண், அப்புறம் பள்ளம். உண்ணிச்செடியும் காப்பிச்செடியுமாக ஆறு வரைக்கும் சரிந்து கிடந்தது. அந்தப் பக்கம் மாடு, இந்தப் பக்கம் பள்ளம், நடுவில் பட்டு வேட்டி.

குரங்கணிப் பக்கமிருந்து பைக்கில் வந்த வனத்துறை வாட்சர் அருள்பாண்டி முப்பதடி தள்ளியே நிறுத்தி, கையைத் தூக்கினான்.

"யாரும் இறங்காதீக. ஆரன் அடிக்காதீக. அவரு பாட்டுக்கு முடிச்சுட்டுப் போயிருவாரு."

மொக்கச்சாமி ஜன்னல் வழியே தலையை நீட்டினார். "யாருய்யா அவரு?"

"இந்தா நிக்கிறாரே."

"மாட்டையா அவருங்கிற?"

"யோவ், தலைய உள்ள இழு."

மீசை எழுந்தது. "மாடு அவரு, நான் யோவ்வா? பட்டு வேட்டி கட்டி, சீரு கொண்டுட்டுப் போறேன். தாய்மாமன். எனக்கு யோவ்வு, அதுக்கு அவரா?"

"நீங்க முட்ட மாட்டீகண்ணே" என்றான் அருள்பாண்டி நிதானமாக. "அவரு முட்டுவாரு."

மொக்கச்சாமி கட்டை விரலால் பின்னால் நிற்கிற வேனைக் காட்டினார். "பின்னால உறுமி இருக்கு. அணுகுண்டு வெடி ஒரு பெட்டி இருக்கு. ரெண்டப் பத்தவச்சா மேல மலைக்குப் போயிரும்."

"மேல போக மாட்டாரு. உங்க மேலதான் வருவாரு. அப்புறம் கேசும் ஆகும்."

"யாரு மேல கேசு?"

"உங்க மேலதான்."

"அது ரோட்ட மறிச்சு நிக்கிறதுக்குக் கேசு இல்ல, நான் வெடி போட்டா கேசா? ரோட்டு வரி கட்டுறது நானா, அதுவா?"

"ரோடு போடுறதுக்கு முந்தியே அவுக இங்க இருக்காகண்ணே."

"அப்ப அவுக அய்யா பேர்ல பட்டா இருக்கும், கொண்டாந்து காட்டச் சொல்லு."

மாடு இதற்கெல்லாம் செவி கொடுக்கவில்லை. கதவை முடித்துவிட்டு முன்கண்ணாடிக்கு வந்தது. அந்த நாக்கு கண்ணாடியில் இடமிருந்து வலமாகப் போய் வந்தபோது உள்ளே பொழுது இருட்டி விடிந்தது. "பத்து வருசமா இந்தக் கண்ணாடி இம்புட்டுச் சுத்தமா இருந்ததில்ல" என்றான் தங்கபாண்டியன். மொக்கச்சாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் அவன் ஆறு மில்லிக்கும் கீழே இறங்கினான்.

மணி ஒன்பதரை. போன் அடித்தது. பாண்டீஸ்வரி.

"அண்ணே, எங்கண்ணே வர்றே?"

"ஆத்தா, இந்தா வளைவுலதான் நிக்கிறேன். மாடு மறிச்சுருக்கு."

 "மாடா?" என்றாள்.

"காட்டுமாடு ஆத்தா. வண்டிய நக்கிக்கிட்டு நிக்குது."

"போன தடவ அன்னாசிப்பழம். இந்தத் தடவ மாடு வண்டிய நக்குது. அண்ணே, இங்க தெனமும் வருது காட்டுமாடு. எங்க காப்பித்தோட்டத்துல நிக்கும், பாக்கும், போகும். ஒரு நாளும் எதையும் நக்குனதில்ல. வேற ஏதாச்சும் சொல்லு."

"உம் பிள்ள மேல சத்தியமா நக்குது ஆத்தா."

"எம் பிள்ள மேல எதுக்குண்ணே சத்தியம். வெரசா வா." போன் அணைந்தது.

நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதன் உண்மை சொல்லியும் நம்பப்படவில்லை என்றால் அவன் யாரைக் கோபிப்பது? தங்கையைக் கோபிக்க முடியாது. போன தடவை அவள் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அதனால் அவர் மொத்தத்தையும் மாட்டின் கணக்கிலேயே வைத்தார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டு, அதன் தாய், தகப்பன், அது பிறந்த காடு, அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்குகிறவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி வைதார். மாடு அவர் முகத்துக்கு நேரே ஒருமுறை நக்கிவிட்டுக் கண்ணாடியின் அடுத்த ஓரத்துக்கு நகர்ந்தது.

அதற்குள் வேனுக்குப் பின்னால் ஏழெட்டு ஜீப்பும் சுற்றுலாக் கார்களும் சேர்ந்துவிட்டன. காருக்கு ரெண்டு தலை வெளியே, தலைக்கு ஒரு செல்போன். எல்லோரும் மாட்டைத்தான் எடுத்தார்கள். "பாவம், பசி போல இருக்கு" என்றது ஒரு காரிலிருந்து ஒரு பெண்குரல்.

"எனக்குந்தான் பசி" என்று கத்தினார் மொக்கச்சாமி. "விடியக்காலையில இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. என்னைய ஒருத்தரும் பாவம்னு சொல்லக் காணோம்."

மறுபடி போன். இம்முறை வேனிலிருந்து வேலுத்தாய்.

"இந்தாங்க, அது உங்களுக்காக ஒண்ணும் நிக்கல. மேல பாருங்க. உப்பு ஒழுகுது. அதைத்தான் நக்குது."

மொக்கச்சாமி கண்ணாடியை உற்றுப் பார்த்தார். கூரையிலிருந்து வெள்ளையாக ஒரு கோடு வழிந்தது. மாடு அதைத் துடைத்து எடுத்தது. இன்னொரு கோடு வழிந்தது.

"என் சீரு உப்ப நக்க அது யாரு, சம்பந்தி வீட்டுக்காரனா?" என்றார். பிறகு ஜன்னல் வழியாக, "வாட்சர் தம்பி, உப்பு தீந்தா போயிருமா?"

"போயிருவாரு."

"ரெண்டு மூட்ட எப்பத் தீரும்?"

அருள்பாண்டி மாட்டையும் மூட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். "அவரு அவசரப்பட மாட்டாருண்ணே."

"ஒரு தட்டோட வந்திருந்தா இந்நேரம் ஏப்பம் விட்டுப் போயிருக்கும்" என்றாள் போனில் வேலுத்தாய். அவர் அணைத்துவிட்டார். மூட்டையைத் தள்ளிவிடலாம் என்றால், அது இருக்கிற இடத்துக்கும் மாட்டின் கொம்புக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளிதான். தள்ளுகிற ஆளைச் சீரோடு சேர்த்து இறக்க வேண்டியிருக்கும்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பாண்டீஸ்வரி மறுபடி கூப்பிட்டாள். குரல் தாழ்ந்திருந்தது.

"அண்ணே, அத்தை யோகராஜண்ணன உக்காரச் சொல்லிட்டாக. மொட்டை எடுத்துக்கிட்டு இருக்காக, அடுத்து ஊசிதான். நான் இன்னும் பத்து நிமிசம்னு இழுத்துப் பாத்தேன். எனக்கு என்ன சொல்லன்னு தெரியலண்ணே. இந்தத் தடவயாச்சும் நீ உக்காருவன்னு நான் யாருகிட்டல்லாமோ சொல்லி வச்சிருந்தேன்."

அவர் வாயைத் திறந்தார். மாடு, நக்கு, உப்பு, சத்தியம் எல்லாம் வரிசையில் நின்றன.  போனைச் சட்டைப் பைக்குள் போட்டார். வேட்டியை மடித்துக் கட்டினார். இடது கதவைத் திறந்தார்.

"அண்ணே, அங்கிட்டு பள்ளம்" என்றான் தங்கபாண்டியன்.

"தெரியும். நீ உப்பப் பாத்துக்க."

ஒரு சாண் மண் அவர் செருப்பைத் தாங்கியது, அவரைத் தாங்கவில்லை. மொக்கச்சாமி உட்கார்ந்த வாக்கிலேயே சரிவில் இறங்கினார். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக, அப்புறம் அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாத ஒரு வேகத்தில். இன்றைக்கு அவர் சொல்லும்போது அந்தச் சரிவு போடியைத் தாண்டி ராசிங்காபுரம் வரைக்கும் நீளும். உண்மையில் நூறடி இருக்கும். மேலே ரோட்டில் அத்தனை செல்போனும் மாட்டை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பின. அந்த மாடே நாக்கை வெளியில் வைத்தபடி ஒரு நிமிஷம் நிறுத்தி எட்டிப் பார்த்தது என்று அருள்பாண்டி பிற்பாடு சொன்னான்.

ஆற்றங்கரையில் எழுந்து நின்றபோது ஒரு செருப்பு இல்லை. பட்டு வேட்டி பின்பக்கம் வாழைநார் மாதிரி கிழிந்து தொங்கியது. அவர் நின்று பார்க்கவில்லை. ஆற்றோரமாக ஓடினார். ரோடு சுற்றிப் போகிற இடத்தை ஒற்றையடிப் பாதை குறுக்கே வெட்டியது. பாறைக்குப் பாறை தாவினார், இரண்டு பாறைக்கு ஒருமுறை தண்ணீரில் விழுந்தார். வாய் மட்டும் நிற்கவில்லை. இந்த நாட்டில் மனுஷனுக்கு ஒரு சட்டம், மாட்டுக்கு ஒரு சட்டம் என்று ஆற்றுக்கும் பாறைக்கும் சொல்லிக்கொண்டே போனார்.

குரங்கணிக் கோயில் மரத்தை அவர் பார்க்குமுன்னே பிள்ளையின் அலறல் கேட்டது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தார். ஜமுக்காளத்தில் யோகராஜ். அவன் மடியில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய தமிழினி. பெண்பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். அந்தக் காதில் புதுக் கம்மல் மின்னியது. ஆசாரி வலது காதுக்கு ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா" என்றார் மொக்கச்சாமி.

எல்லோரும் திரும்பினார்கள். பிள்ளை கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. சேறும் தண்ணீரும் சொட்டச் சொட்ட, ஒற்றைச் செருப்போடு நிற்கிற இந்த உருவத்தை யாரோ காட்டிலிருந்து துரத்தி விட்டதாகத்தான் முதலில் நினைத்தார்கள்.

பாண்டீஸ்வரியின் மாமியார் ஜக்கம்மாள் மேலும் கீழும் பார்த்தாள். "கையை வீசிக்கிட்டு வந்திருக்கீக. சீரு எங்க?"

"சீரை மாடு நக்கிக்கிட்டு நிக்குது."

ஒருவர் சிரித்தார், அப்புறம் மரத்தடி முழுக்கச் சிரித்தது.

"சிரிங்க. நல்லாச் சிரிங்க" என்றார் மொக்கச்சாமி. மீசையில் ஒட்டியிருந்த சேறு துடித்தது. "ஒரு மணி நேரமா அந்த வண்டிக்குள்ள உக்காந்து நக்கு வாங்கிருக்கேன். இங்க யாரும் ஒரு காதுக்குக் கூடவா பொறுக்கக் கூடாது?"

யோகராஜ் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழப் போனான். "வாண்ணே, உக்காரு. எஞ் சட்டை பூரா நனைச்சிட்டா உம் மருமக."

"உக்காரு தம்பி" என்று அதட்டினாள் ஜக்கம்மாள். "ஒரு மடியில ஆரம்பிச்சா அந்த மடியிலதான் முடிக்கணும். பாதியில மாத்துறதாவது."

"அப்படி யாரு சொன்னா?" என்றார் மொக்கச்சாமி.

"முந்தியில இருந்து அப்படித்தான்."

"முந்தி எந்த மாமனை மாடு மறிச்சுச்சு? ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம்."

ஜக்கம்மாள் ஆசாரியைப் பார்த்தாள். ஆசாரி மணியைப் பார்த்தார். "எனக்குக் காது இருந்தாப் போதும் ஆத்தா. மடி யாரோடதோ. இன்னும் அஞ்சு நிமிசந்தான் நல்ல நேரம், பேசியே தீத்துறாதீக."

பாண்டீஸ்வரி அண்ணனின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கணுக்காலில் இரண்டு அட்டைகள் புளியங்கொட்டை பருமனுக்கு வீங்கித் தொங்கின. அவள் நேரே போய் யோகராஜின் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள்.

"நீ உக்காருண்ணே" என்றாள் மொக்கச்சாமியிடம்.

"வேட்டி பூரா சேறு ஆத்தா."

"உக்காருன்னா உக்காரு."

மொக்கச்சாமி உட்கார்ந்தார். அவள் புதுப் பட்டுப்பாவாடையோடு பிள்ளையை அந்தச் சேற்று மடியில் வைத்தாள். ஜக்கம்மாள் பாவாடைக்காக ஒரு பெருமூச்சு விட்டாள். பாண்டீஸ்வரியின் கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் வாய் சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டது.

ஆசாரி ஊசியைக் கொண்டு வந்தார்.

"மெதுவாய்யா" என்றார் மொக்கச்சாமி.

"இன்னும் காதத் தொடவே இல்லண்ணே."

"தொடுறதையும் மெதுவாத் தொடு."

ஊசி போனது. தமிழினி போட்ட சத்தத்தில் மரத்துக் குரங்குகள் அடுத்த மரத்துக்கு மாறின. அவள் இரண்டு கையாலும் மாமன் மீசையைப் பிடித்துத் தொங்கினாள். மொக்கச்சாமி ஆசாரியை, ஊசியை, தங்கத்தை, தங்கம் விளைகிற பூமியை எல்லாம் வைதார். கம்மல் ஏறியதும் நாலா பக்கமும் ஒருமுறை பார்த்தார். வலது காதைத் தடவினார். "பாத்தீகளா, இதுதான் நேராக் குத்துன காது. அந்தக் காது ஒரு நூல் கீழ இருக்கு" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்று ஆசாரி சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஊசியைத் துடைக்கத் தொடங்கினார்.

பந்தி போட்டார்கள். கூட்டம் கலைந்து இலைப் பக்கம் போனது. ஜமுக்காளத்தில் மொக்கச்சாமியும், அழுது அழுது அவர் நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்ட பிள்ளையும் மட்டும். பாண்டீஸ்வரி கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து அட்டைகள் மேல் தூவினாள். அவை சுருண்டு விழுந்தன.

"எந்திரிண்ணே. வந்து ஒரு வாய் சாப்பிடு."

"யோகராஜ் எங்க இருக்கான்?"

"பந்தியில உக்காந்துட்டாரு. ஏன்?"

"அவன் சாப்பிட்டு, கையக் கழுவி, வெத்தல போட்டு, வீட்டுக்குப் போயிக் கதவச் சாத்தட்டும். அப்புறம் எந்திரிக்கிறேன்."

"ரெண்டு காதும் குத்தியாச்சுண்ணே. இனி என்ன இருக்கு?"

மொக்கச்சாமி பிள்ளையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மூக்கு இருக்குல்ல" என்றார். "அவன நம்ப முடியாது."